கமரன் துரையும் கமரா அம்மையாரும்

இலங்கை வரலாற்றைப் பாடசாலையில் படித்த எவருக்கும் கோல்புறூக் – கமரன் என்ற இரட்டைப் பெயர் மறந்திருக்காது. பரீட்சைக்காக மனனம் செய்த பெயர் அது. கரையோரம் வேறு, கண்டி வேறு என்று இருந்த நிர்வாகத்தை 1833 ஆம் ஆண்டு ஒன்றாக்கி, நாட்டை ஐந்து மாகாணங்களாக வகுத்து, சட்டநிரூபண சபையையும் தந்தது அந்த ஆணைக்குழுவின் சிபாரிசு. இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் 1832 இல் ஒழிந்ததும் அதனால்தான். ஒற்றையாட்சிக்கு அத்திவாரம் இட்டவர்கள் இவர்களே என்று நமது அரசியல் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். உண்மையில் நிர்வாகம், பொருளாதாரம் பற்றிய அறிக்கைகள் கோல்புறூக்கினுடையவை. சார்ள்ஸ் ஹே கமரன் சட்டத்தரணி. நீதித்துறை பற்றியதே அவரது அறிக்கை. ஆயினும் வரலாறு இருவரையும் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

அந்த இரட்டையரில் இரண்டாமவரின் மனைவியைப் பற்றி நமது பாடநூல்களில் ஒரு வரியும் கிடையாது. உலகப் புகைப்படக் கலை வரலாற்றிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே ஜூலியா மார்கரட் கமரன் பெரிய பெயர்; கணவர் அவரது வாழ்க்கைக் குறிப்பில் வந்துபோகும் ஒரு முதியவர் மட்டுமே.

ஜூலியா 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. தன்னைவிட இருபது வயது மூத்த சார்ள்ஸை 1838 இல் அதே நகரில் மணந்தார். 1848 இல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1860 இல் வைற் தீவின் பிறெஷ்வோட்டர் என்ற சிற்றூரில் வீடு வாங்கினர். பக்கத்து வீட்டுக்காரர் மகாகவி டெனிசன். இதற்கிடையில் சார்ள்ஸ் இலங்கை மலையகத்தில் கோப்பி நிலங்கள் வாங்கியிருந்தார். குடும்பத்தின் முதல் அங்கே கிடந்தது.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு கமராவைப் பரிசளித்தனர். தனிமையில் இருக்கும் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்ற எண்ணம். அப்போது அவருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளின் தாய். நிலக்கரி அடுக்கும் அறை இருட்டறையானது. கோழிக்கூடு கண்ணாடிக் கூரையோடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. கோழிகளின் கதி என்ன ஆயிற்று என்பது வேறு கதை.

இன்றைக்குக் கைத்தொலைபேசியில் விரல் வைத்தால் படம் விழுகிறது. அன்றைய முறையை அறிந்தால்தான் அந்தப் பொழுதுபோக்கின் கடுமை புரியும். கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சீராகப் பரப்ப வேண்டும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் காயுமுன் கமராவில் பொருத்திப் படமெடுத்து, ஈரம் காயுமுன்பே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். காய்ந்தால் தகடு பாழ். கூடிப்போனால் கால் மணித்தியால அவகாசம். வெள்ளி உப்பு விரல்களையும் உடுப்பையும் கறுப்பாக்கிவிடும். அம்மையார் அந்தக் கறைகளோடுதான் விருந்தினரையும் வரவேற்றார். படத்துக்கு அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். அசைந்தால் உருவம் மங்கும். மங்கலை அவர் குறையாகக் கருதவில்லை. வில்லையைத் துல்லியமாகக் குவியப்படுத்துவது தொழில்காரர்களின் வேலை என்று விட்டுவிட்டார். இதைக் கவனக்குறைவு என்று அன்றைய புகைப்படச் சங்கத்தார் கண்டித்தனர். இன்று அந்த மென்மங்கலே அவருடைய கையொப்பம்.

வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷலின் முகம் இருளிலிருந்து எழுந்து வரும் 1867 ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர் மறக்க மாட்டார். 'நெகட்டிவ்', 'பொசிட்டிவ்' என்ற சொற்களைப் புகைப்படத்துக்கு வழங்கியவரே அந்த ஹேர்ஷல்தான். டார்வின், கார்லைல், டெனிசன் என்று ஒரு யுகமே அவர் முன் அமர்ந்தது. 1864 முதல் 1875 வரை 505 படங்களைப் பதிப்புரிமைப் பதிவேட்டில் பதிந்திருக்கிறார். படங்களை விற்றார், ஆனால் அதனால் பிழைக்கவில்லை. வருமானத்தைவிடச் செலவே அதிகம்.

ஒரு படம் கல்யாணத்திலும் முடிந்தது. மேரி றயன் என்ற ஏழை ஐரிஷ் சிறுமி தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மையார் அவளை வீட்டுக்கு அழைத்து வந்து வளர்த்தார். பணிப்பெண்ணாகவும் படங்களுக்கு மாதிரியாகவும் அவள் இருந்தாள். அறுபதுகளின் நடுவில் லண்டன் கண்காட்சி ஒன்றில் அவளையும் அவள் படத்தையும் கண்ட ஹென்றி கொற்றன் என்ற இளைஞர் மனதைப் பறிகொடுத்தார். 1867 இல் திருமணம். அதே ஆண்டில் இருவரையும் ரோமியோ, ஜூலியட் வேடத்தில் நிறுத்தி அம்மையார் படமெடுத்தார். அந்தக் கொற்றன் பின்னர் இந்திய சிவில் சேவையில் உயர்ந்து, 1904 இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். பிச்சை எடுத்த சிறுமி சேர் ஹென்றி கொற்றனின் மனைவியானாள். சினிமாக் கதை போலிருந்தாலும் நடந்தது இதுதான்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மேரி றயன் பணிப்பெண்தான். ஆனால் அவள் பெயர் நமக்குத் தெரியும். கன்னி மரியாளாகப் பல படங்களில் தோன்றிய மேரி ஹில்லியரும் வீட்டு வேலைக்காரிதான். அவள் பெயரும் தெரியும்.

1875 இல் கமரன் தம்பதியர் இலங்கை வந்தனர். சார்ள்ஸுக்கு எண்பது வயது. தோட்டங்களால் கடன் ஏறியிருந்தது. கோப்பிச் செடிகளில் 1869 இல் கண்ட இலைநோய் பரவிக்கொண்டிருந்தது. பிள்ளைகளில் சிலரும் இங்கேதான் இருந்தனர். கப்பலில் ஒரு பசுவையும், கண்ணாடிப் பாத்திரங்கள் அடுக்கிய இரண்டு சவப்பெட்டிகளையும் ஏற்றி வந்ததாகச் சொல்லப்படுகிறது. களுத்துறையில் மகனுடைய கடலோர வீட்டில் தங்கினர்.

1877 இல் தாவர ஓவியர் மரியான் நோர்த் அங்கே விருந்தாளியாக வந்தார். தமது நினைவுக் குறிப்புகளில் அந்த நாட்களைச் சிரிப்போடு எழுதியிருக்கிறார். வெப்பமானி 96 பாகை காட்டும் நண்பகலில், காஷ்மீர்ச் சால்வையைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகள் தலையில் குத்த நிறுத்திவைத்து, இயல்பாக இருக்கும்படி அம்மையார் சொன்னாராம்! இன்னொரு செய்தியும் அதிலேயே உண்டு. ஒரு மனிதனின் முதுகழகில் மயங்கிய அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினார். வீட்டில் தோட்டமே இல்லை. தோட்டக்காரன் என்ற சொல்லுக்குப் பொருளும் அந்த மனிதனுக்குத் தெரியாது. நோர்த் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். நமக்குச் சிரிப்பு வந்தாலும் முழுதாக வருவதில்லை. அவன் பெயர் அங்கே இல்லை.

அம்மையாரின் படங்களாக ஏறத்தாழ 1,200 அறியப்பட்டுள்ளன. அவற்றுள் இலங்கையில் எடுத்தவை முப்பதுக்கும் குறைவு. வெப்பத்தில் தகடு விரைவில் காயும், இரசாயனங்கள் கடல் கடந்து வர வேண்டும், வாங்க ஆளில்லை. கடலும் மலையும் சூழ்ந்த நாட்டுக்கு வந்தும் இயற்கைக் காட்சிகளில் அவருக்குப் பெரிய நாட்டம் இல்லை. நோர்த் மரங்களை வரைந்தார். அம்மையார் மனிதர்களையே தேடினார். வேலையாட்கள், கிராமத்தவர்கள், தாய்மார், சிறுவர்கள். களுத்துறை சிங்களவரும் முஸ்லிம்களும் வாழும் கரையோர ஊர். ஆகவே எல்லோரையும் தமிழர் என்று உரிமை கொண்டாடுவதற்கில்லை. தமிழ்த் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

அவற்றுள் புகழ்பெற்றது 1878 ஆம் ஆண்டுப் படம். தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு'. ஒரு பெண்பிள்ளையும் இரண்டு ஆண்களும். சிறுமிக்கு வயது 12 என்றும், முதியவர் தன்னை அவளுடைய தகப்பன் என்கிறார், தனக்கு நூறு வயது என்றும் கூறுகிறார் என்றும் அம்மையார் தம் கையால் குறித்திருக்கிறார். அந்தக் கிழவரின் சொல்லை அவர் நம்பவில்லை என்பது தெரிகிறது. ஆனால் கேட்டிருக்கிறார். வயதைக் கேட்டார், உறவைக் கேட்டார். பெயரைக் கேட்டாரா என்பதற்குச் சான்றில்லை, எழுதி வைக்கவில்லை.

இதைச் சொல்வதால் அவரை வெறும் துரைசானியாக ஒதுக்குவதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். அக்காலத்தில் கொழும்பின் தொழில்முறைப் புகைப்பட நிலையங்கள் 'தமிழ்ப் பெண்', 'கூலி' என்று வகை வகையாக அச்சடித்துக் கப்பல் பயணிகளுக்கு விற்றன. அவற்றோடு ஒப்பிட்டால் அம்மையாரின் படங்களில் நிற்பவர்கள் மாதிரிப் பொருட்கள் அல்லர். ஹேர்ஷலுக்குக் கொடுத்த அதே ஒளியை அவர்களுக்கும் கொடுத்திருக்கிறார். ஒளியைக் கொடுத்தவர் பெயரைக் கொடுக்கவில்லை. 1926 இல் அவரது படங்களைத் தொகுத்து நூலாக்கியவர்கள் வேர்ஜினியா வூல்ஃபும் ரொஜர் ஃபிரையும். வெளியிட்டது லெனார்ட் வூல்ஃப் தம்பதியரின் அச்சகம். வேர்ஜினியா அம்மையாரின் பேத்தி முறை. லெனார்ட் யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். 'புகழ்பெற்ற ஆண்களும் அழகிய பெண்களும்' என்பது நூலின் தலைப்பு. களுத்துறைக் கிழவருக்கு அந்தத் தலைப்பில் இடமேது?

அரை நூற்றாண்டு கழித்து வந்த நம் நாட்டுப் பொழுதுபோக்காளர் லயனல் வென்ட் வேறுவகை. சட்டமும் பியானோவும் படித்த பறங்கியர். 1934 இல் இலங்கைப் புகைப்படச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இயற்கைக் காட்சிகளிலும் மனித உடலிலும் ஒருங்கே அழகு கண்டவர். 1944 இல் இறந்தார். நெகட்டிவ்கள் பின்னர் அழிக்கப்பட்டன. அவரது படங்களிலும் கிராமத்தவர் பலர் பெயரின்றியே நிற்கின்றனர். அது அந்த மனிதரின் குற்றம் என்பதைவிட அந்தக் கலையின் பழக்கம் என்பதே பொருத்தம்.

ஜூலியா கமரன் 1879 ஜனவரி 26 இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் காலமானார். கணவர் மறு ஆண்டில். இருவரும் பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய முற்றத்தில் அடக்கம். செய்தி சேகரிக்க மலையகம் சென்ற ஒரு தடவை அங்கே இறங்கினேன். சுற்றிலும் தேயிலை, கோப்பியின் சுவடே இல்லை. கீழே லயன் வரிசைகள். கமரன் ஒழித்த இராசகாரியத்துக்குப் பிறகுதான் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்காகத்தான் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையேறி, காடு கடந்து, மாத்தளை வரை மக்கள் நடந்து வந்தனர். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை.

பெயர் எழுதப்படாதது ஒரு கலைக்குறை மட்டுமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்தவரிடமும் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. பூட்டன் என்றால் ஏறக்குறைய கமரன் அம்மையாரின் காலம். தோட்டங்களில் பிறப்புப் பதிவு ஒழுங்காக இருந்ததில்லை. சான்று காட்ட முடியாதவர்கள் நாடற்றவரானார்கள். 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் 975,000 பேரைக் கணக்குப் பார்த்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தனர். மீதி 150,000 பேரின் விதி பின்போடப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

அதே பயணத்தில் ஹற்றனில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைச் சந்தித்தேன். அவருடைய தகப்பனார் தோட்டத்தில் கிளாக்கர். பெட்டிக் கமரா ஒன்று வைத்திருந்தார். ஒரு சுருளில் எட்டுப் படங்கள்தான் விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்வீழ்ச்சி, மூடுபனி, துரை பங்களாவின் பூந்தோட்டம் என்று எடுப்பார். லயத்தில் கல்யாணம் என்றால் கூலி வாங்காமல் போய் எடுத்துக் கொடுப்பார். அந்த இயற்கைக் காட்சிகள் எல்லாம் வெளிறிவிட்டன. அவற்றில் பெரிய அழகும் இல்லை. கல்யாணப் படங்களை அம்மா ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தார்.

ஒன்றைத் திருப்பிக் காட்டினார். 1966 ஆம் ஆண்டுத் திருமணம். மாப்பிள்ளை, பெண், தோழிப்பெண், பெரிய கங்காணியின் மகன், தப்பு அடித்தவர் என்று 23 பெயர்கள், நிற்கும் வரிசைப்படி, திகதியோடு, அழகான கையெழுத்தில்.

"அப்பா செக்ரோல் எழுதுறவரு, தம்பி. பேரு எழுதாம எதையும் விடமாட்டாரு" என்றார்.

பெயர்களுக்கு எதிரே வேறு மையில் ஊர்கள் இருந்தன. அது மகள் பிறகு எழுதியது. கூடலூர், கூடலூர், கோத்தகிரி, கூடலூர். நான்கு பேருக்கு நேரே வவுனியா. 1977 கலவரத்தோடு போனவர்களாம். தப்பு அடித்தவர் இதே தோட்டம். மாப்பிள்ளையின் தம்பிக்கு நேரே மண்டபம் முகாம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.