எழுத்தில் வாழும் இறந்தகாலம்

ஒரு மொழியின் சரித்திரத்தை அறிய விரும்புவோர், அம்மொழி வழங்கும் நாட்டை ஆண்ட மன்னர்களின் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. அம்மொழியின் வினைச்சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு உருமாறிற்று, எவர் வாயில் நின்றது, எவர் வாயினின்றும் நழுவிற்று என்று நோக்கினாலே போதும். அத்தகைய ஆராய்ச்சிக்கு நாம் இங்குப் பிரெஞ்சு மொழியின் இறந்தகால வினையை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு அறியாத வாசகர்களும் அஞ்ச வேண்டுவதில்லை. வழக்கு இலக்கணத்தைப் பற்றியதாயினும், அதன் முடிவால் நன்மையோ தீமையோ அடைவோர் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளேயாவர்.

"வந்தான்" என்றும் "வந்திருக்கிறான்" என்றும் தமிழில் இருவகையாகச் சொல்கிறோம். முன்னது தனிச்சொல், பின்னது "இரு" என்னும் துணைவினை சேர்ந்து அமைந்தது. பிரெஞ்சிலும் இவ்வாறே இரண்டு இறந்தகாலங்கள் உள. தனிச்சொல்லாய் நிற்பதைப் "பஸ்ஸே செம்ப்ள்" என்பர். எளிய இறந்தகாலம் என்பது பொருள். துணைவினையோடு கூடியதைப் "பஸ்ஸே கொம்போசே" என்பர். கூட்டு இறந்தகாலம் எனலாம். நாம் இரண்டையும் பேச்சிலும் எழுத்திலும் வழங்குகிறோம். பாரிஸ் நகரத்திலோ, இயல்பான உரையாடலில் எளிய இறந்தகாலத்தைக் கடைக்காரரும் வழங்குவதில்லை. கல்லூரிப் பேராசிரியரும் வழங்குவதில்லை. கதைப் புத்தகத்தைத் திறந்தால் மாத்திரம் அது பக்கந்தோறும் எதிர்ப்படுகிறது. எளிய என்னும் பெயர் பெற்றது கற்பதற்கு அரியதாயிற்று.

இவ்விரண்டில் மூத்தது எளிய இறந்தகாலமே. ரோமர்களின் லத்தீன் மொழியில் "பாடினேன்" என்பது "காந்தாவி" எனப்படும். அதுவே தேய்ந்து பிரெஞ்சில் "ஷாந்தே" ஆயிற்று. கூட்டு இறந்தகாலமோ, "எழுதி முடிந்த கடிதம் என்னிடம் உளது" என்பது போன்ற லத்தீன் பேச்சு வழக்கினின்றும் கிளைத்தது. கடிதம் கையில் இருப்பதைச் சொல்ல எழுந்த தொடர், நாளடைவில் எழுதிய செயலையே குறிக்கலாயிற்று.

எளிய இறந்தகாலத்தின் விகுதிகளைச் சிறிது காண்போம். பேசுதலைக் குறிக்கும் வினையில், நான் பேசினேன் என்பது "பர்லே". அவன் பேசினான் என்பது "பர்லா". நாம் பேசினோம் என்பது "பர்லாம்". நீங்கள் பேசினீர்கள் என்பது "பர்லாத்". அவர்கள் பேசினார்கள் என்பது "பர்லேர்". வேறொரு வகை வினைகள் "இ" என்னும் ஒலியை ஏற்கும்: முடித்தான் "ஃபினி", முடித்தோம் "ஃபினீம்", முடித்தார்கள் "ஃபினீர்". மற்றொரு வகை "யூ" போன்ற ஒலியை ஏற்கும்: பருகினான் "பியூ", பருகினார்கள் "பியூர்". வருதலைக் குறிக்கும் வினையோ மூக்கொலி பெற்று "வேன்" என நிற்கும். பிறந்தான் என்பது "நக்கி" என்றும், வாழ்ந்தான் என்பது "வெக்யூ" என்றும் வரும்போது, மூலவினையின் உருவமே மறைந்துபோகிறது. தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் உயிரெழுத்தின்மேல் கூரை போன்ற குறி ஒன்று இடுவர். முன்னிலைப் பன்மையில் ஒரு காலத்தில் ஒலித்து மறைந்த ஸகரத்தின் நினைவுச் சின்னம் அது. 1990-ஆம் ஆண்டில் எழுத்துத் திருத்தம் செய்தோர் வேறு பல சொற்களினின்றும் அக்கூரையை அகற்றியபோதும், இவ்விகுதிகளின்மேல் கைவைக்கவில்லை.

இத்தனை வேறுபாடும் போதாதென்று ஒலி மயக்கமும் சேர்ந்தது. "பேசினேன்" என்னும் "பர்லே", "பேச" என்பதனின்றும் "பேசிய" என்பதனின்றும் செவிக்கு வேறுபடுவதில்லை. "ஃபினி" என்றாலோ, முடிக்கிறானா, முடித்தானா என்பது விளங்காது. பொதுமக்கள் இச்சிக்கலை அவிழ்க்க முயன்றனர். 16-ஆம் நூற்றாண்டில் பலர் "பர்லே" என்பதை விடுத்து "பர்லி" என்று, எல்லா வினைக்கும் "இ" ஒலியையே பொதுவாக்கிப் பேசினர். அது பாமர வழக்கென்று ஒதுக்கப்பட்டது.

கற்றோர் வேறொரு விதியில் கருத்தைச் செலுத்தினர். நேற்றும் அதற்கு முன்னும் நிகழ்ந்தவற்றிற்கு எளிய இறந்தகாலம். இன்று நிகழ்ந்தவற்றிற்குக் கூட்டு இறந்தகாலம். இடையில் ஓர் இரவு கழிந்திருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. இதனை இருபத்துநான்கு மணிநேர விதி என்பர்.

இவ்விதிக்கு இரையானார் ஒரு பெருங்கவிஞர். கொர்னேய் இயற்றிய "லெ சித்" என்னும் நாடகம் 1637-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரிஸில் அரங்கேறிப் பெரும்புகழ் பெற்றது. புகழோடு பூசலும் எழுந்தது. அமைச்சர் ரிஷ்லியூவின் ஆதரவில் 1635-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பிரெஞ்சு அகாதமி, அந்நாடகத்தைச் சொல் சொல்லாகச் சோதித்தது. நாடகத்தில் ஒரு பிரபு, முதியவர் ஒருவரைக் கன்னத்தில் அறைகிறான். சற்று நேரம் கழித்து, அச்செயலைக் குறித்து எளிய இறந்தகாலத்தில் பேசுகிறான். அறைந்தது இப்பொழுதுதானே, இடையில் இரவு கழியவில்லையே, அவ்வாறு சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும் என்று அகாதமி குற்றங்கண்டது. கொர்னேய் அவ்வடிகளைப் பின்னர் மாற்றினார். 1660-ஆம் ஆண்டுப் பதிப்பில் கூட்டு இறந்தகாலமே நிற்கின்றது. அதே 1660-இல் ஆர்னோ, லான்ஸ்லோ என்னும் இருவர் வெளியிட்ட போர் ருவாயால் இலக்கணமும் இவ்விதியை வற்புறுத்திற்று.

இலக்கணம் எல்லைக்கல் நட்டது; பேச்சோ எல்லையைக் கடந்தது. இன்றைய செயலுக்கென ஒதுக்கிய கூட்டு இறந்தகாலம் நேற்றைய செயலையும், சென்ற ஆண்டின் செயலையும் கைக்கொண்டது. 18-ஆம் நூற்றாண்டு முதல் பாரிஸ் பேச்சில் எளிய இறந்தகாலம் தேய்ந்துவந்தது. தென்னாட்டில் நெடுங்காலம் தங்கிற்று. 1909-ஆம் ஆண்டில் அந்துவான் மெய்யே என்னும் மொழிநூற் பேரறிஞர் அதன் மறைவைக் குறித்தே ஒரு கட்டுரை வரைந்தார்.

ஆயினும் எழுத்தில் அது மாயவில்லை. பெரோ 1697-இல் வெளியிட்ட சிறுவர் கதைகளிலும், பின்வந்த பெரும் நாவல்களிலும் கதையை நடத்திச் செல்வது அதுவே. 1942-ஆம் ஆண்டில் அல்பேர் கமுய் "அந்நியன்" என்னும் நாவலை வெளியிட்டபோது, அல்ஜியர்ஸ் நகரத்துக் குமாஸ்தா ஒருவன் தன் கதையைப் பெரும்பாலும் கூட்டு இறந்தகாலத்திலேயே சொல்லுமாறு அமைத்தார். அதுவரை வாயில் இருந்த காலம் நாவலின் நடுவீட்டில் வந்து அமர்ந்ததுகண்டு படித்தோர் திடுக்கிட்டனர். எளிய இறந்தகாலம் உலகத்தை ஒழுங்குபட்டதாகத் தோற்றுவிக்கும் ஒரு கருவி என்று 1953-இல் ரோலான் பார்த் எழுதினார். பேசுவோன் தன்னை மறைத்துக்கொண்டு நிகழ்ச்சிகளை மாத்திரம் நிரல்படுத்தும்போது அது வருகிறது என்று 1959-இல் பென்வெனிஸ்த் விளக்கினார். படர்க்கையில் அது மிகுதியாகவும், தன்மையிலும் முன்னிலையிலும் அருகியும் வழங்குவதன் காரணம் இவ்விளக்கத்தால் தெளிவாகிறது.

இனிக் குழந்தைகளிடம் வருவோம். 2015-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பாடத்திட்டம், ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள மாணவர்க்கு எளிய இறந்தகாலத்தின் படர்க்கை வடிவங்களே போதுமென்றது. அதன்பேரில் பெரும் விவாதம் மூண்டது. ஆங்கிலேய எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் நான்கு சிறுவரும் ஒரு நாயும் சேர்ந்த ஐவர் கூட்டத்தைப் பற்றிய கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புத் திருத்தி வெளியிடப்பட்டபோது, எளிய இறந்தகாலம் நீங்கி நிகழ்காலம் புகுந்ததும் பலர்க்கு வருத்தம் விளைத்தது. ஒரு சாரார், வாயில் வழங்காததைக் குழந்தையின் தலையில் சுமத்துவது ஏன் என்றனர். மற்றொரு சாரார், மொழியே அழிந்தது என்றனர்.

நாம் இருவரையும் ஒன்று கேட்கின்றோம். மேன்மாடத்தில் புத்தக அலமாரி நிறைந்த வீட்டில், தாய் படுக்கையருகே அமர்ந்து பழங்கதைகளைப் படித்துக் காட்டுகிறாள். அக்குழந்தையின் செவியில் "வெக்யூ" என்பதும் "நக்கி" என்பதும் பள்ளிக்கு முன்னரே பதிந்துவிடுகின்றன. புத்தகம் இல்லாத வீட்டின் குழந்தைக்கு அவற்றைக் கேட்கும் இடம் பள்ளி ஒன்றே. எடுத்தான் என்பதற்குரிய "ப்ரி" என்பதை அறியாமல், அது "ப்ரனா" என்று எழுதுகிறது. அப்பிழையில் மூடத்தனம் இல்லை. பல வினைக்கும் ஒரே விகுதி பொருந்துமென்று பண்டைப் பொதுமக்கள் கொண்ட அதே நியாயம் அதில் இருக்கிறது. பள்ளி அதனைக் கற்பிக்காது விட்டால், அந்தக் குழந்தைக்கு முந்நூறு ஆண்டு இலக்கியத்தின் கதவு பாதி அடைபடுகிறது. பிழையைக் கண்டு நகைத்தாலோ, கதவருகே வரவும் அது அஞ்சும்.

ஆகவே, வாயில் இல்லாததை வாயில் திணிக்க முயல்வது வீண். அகாதமியாலும் அது ஆகவில்லை. ஆனால் நூலில் இருப்பதை எல்லோர்க்கும் காட்டுவது பள்ளியின் கடமை. விகுதிப் பட்டியலைப் பிரம்பின் முன் ஒப்பிக்கச் செய்வதால் அது நிறைவேறாது. கதையைப் படித்துக் காட்டுக, குழந்தை கேட்கட்டும், கேட்டபின் விகுதி தானே விளங்கும். பேச்சைப் படைத்தவர்கள் மக்கள். அப்பேச்சினின்றும் பிறந்த நூல்களும் அம்மக்களின் பிள்ளைகளுக்கே உரியன.