யாருடைய அலுவலர்? தொழிலாளர் நல அலுவலர் பதவியும் அதன் பெயர்களும்

1931இல் வெளிவந்த இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையத்தின் அறிக்கை, ஆலைகளுக்குப் புதிதாக ஓர் அதிகாரி தேவை என்று பரிந்துரைத்தது. ‘லேபர் ஆபீசர்’ என்று பெயரிடப்பட்ட அந்த அதிகாரிக்கு நேர்மை, ஆளுமை, ஊக்கம், மனிதர்களைப் புரிந்துகொள்ளும் இயல்பு ஆகியவற்றோடு மொழித்திறனும் இருக்க வேண்டும் என்று ஆணையம் எதிர்பார்த்தது. பொருத்தமானவர் அமைந்தால் தொழிலாளர்கள் அவரை விரைவில் நண்பராகக் கருதத் தொடங்குவார்கள் என்றும் நம்பியது. ஜே. எச். விட்லி தலைமையேற்ற அந்த ஆணையத்தில் சீனிவாச சாஸ்திரியும் என். எம். ஜோஷியும் உறுப்பினர்கள். முதலாளியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு தொழிலாளிக்கு நண்பராக இருப்பது எப்படி என்ற கேள்வியை அறிக்கை எழுப்பவில்லை. அந்தப் பதவியின் பிற்கால வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ஆணையத்துக்கு அப்போதைய உடனடிக் கவலை வேறு. ஆலைக்கு ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் இடைத்தரகர்களின் கையில் இருந்தன. பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஜாபர், வங்காளச் சணல் ஆலைகளில் சர்தார், தோட்டங்களில் கங்காணி, மதராஸ் வட்டாரத்தில் மேஸ்திரி என்று இடத்துக்கு இடம் பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். (கண்காணிப்பவர் ‘கங்காணி’ ஆனார்; ‘மேஸ்திரி’ போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல். வேலை வாங்குபவரைக் குறிக்க மண்ணின் சொல்லும் கடல் கடந்த சொல்லும் அருகருகே நிலைத்துவிட்டன.) வேலைக்குச் சேர ‘தஸ்தூரி’ என்னும் கையூட்டு, வேலையில் நீடிக்க மீண்டும் ஒரு தொகை, இடையில் வட்டிக்குக் கடன் என்று தொழிலாளியின் வாழ்வு அவரிடம் அடகில் இருந்தது. ஊரிலிருந்து வந்தவனுக்கு நகரத்தில் தெரிந்த ஒரே முகமும் அவருடையதே என்பதால், அந்தக் கட்டை அறுப்பது எளிதாக இல்லை. லேபர் ஆபீசர் நேரில் பார்க்காமல் யாரையும் வேலைக்குச் சேர்க்கக் கூடாது. அவருடைய இசைவின்றி, அல்லது அவர் சொல்வதைக் கேட்டறிந்த பின் மேலாளரே முடிவெடுத்தாலன்றி, யாரையும் நீக்கக் கூடாது. பொது மேலாளர் தவிர வேறு எவருக்கும் அவர் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது என்று ஆணையம் வகுத்தது. பிற்காலத்தில் உணவகத்தையும் கழிப்பறையையும் மேற்பார்வையிடும் பதவியாகச் சுருங்கியதன் தொடக்கம் இவ்வளவு அதிகாரத்தோடு கற்பனை செய்யப்பட்டது என்பதை இன்றைய மேலாண்மைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

தொழிலாளர் நலன் என்ற கருத்து இந்த அறிக்கைக்கு முன்பே இந்தியாவில் இருந்தது. ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் 1912இலேயே எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. 1915இல் இலவச மருத்துவம், 1920இல் ஊதியத்துடன் விடுப்பும் சேமநல நிதியும் தொடர்ந்தன. ஆனால் அதே 1920இலும் 1922இலும் அங்கே வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1928இல் மாதக்கணக்கில் நீண்ட போராட்டத்தில் சுபாஷ் சந்திர போஸ் தலையிட நேர்ந்தது. மதராஸின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் கதை இன்னும் கூர்மையானது. ஆலைப் பள்ளி போன்ற ஏற்பாடுகளால் நல்ல முதலாளி என்று பெயர் பெற்ற அந்த நிர்வாகத்தின் வாசலில்தான், 1918 ஏப்ரல் 27 அன்று மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைவரானார், செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று நடத்தினர், திரு.வி.க. உடன் நின்றார். அன்று முன்வைக்கப்பட்ட குறைகளில் முக்கியமானவை, நண்பகல் உணவுக்கு இடைவேளை போதவில்லை என்பதும், மேற்பார்வையாளர்கள் வசைபாடி அடிக்கிறார்கள் என்பதும். பள்ளிக்கூடம் கட்டித் தந்த நிர்வாகத்திடம் தொழிலாளர்கள் கேட்டது ஆற அமரச் சாப்பிட நேரமும், மனிதனாக நடத்தப்படும் மதிப்பும். நலத்திட்டம் என்பது கொடுப்பவரின் கணக்கிலும் பெறுபவரின் கணக்கிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை அந்த இரண்டு கோரிக்கைகளும் காட்டிவிட்டன.

பிரிட்டனில் இந்தத் தொழில் வேறு பாதையில் வளர்ந்தது. யார்க் நகரின் ரவுண்ட்ரீ சாக்லேட் ஆலை 1896இல் மேரி வுட் என்ற பெண்ணை நலப் பணியாளராக நியமித்தது. 1913இல் அதே நகரில் நலப் பணியாளர்களின் சங்கம் உருவானபோது உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்தியாவில் இப்பதவி கங்காணியின் இடத்தில், அதாவது ஆளும் ஆணின் இடத்தில், வந்து அமர்ந்தது. வேலைநிறுத்தத்தின் நிழலும் அதன் மேல் தொடக்கத்திலேயே விழுந்தது. 1934ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின், பம்பாய் அரசு இயற்றிய தொழிற்தகராறு சமரசச் சட்டம் அரசுத் தரப்பில் ஒரு லேபர் ஆபீசரை நியமித்துத் தொழிலாளரின் குறைகளை எடுத்துரைக்கும் பொறுப்பை அவருக்குத் தந்தது. ஆலை முதலாளிகள் சங்கமும் தன் பங்குக்கு ஓர் அதிகாரியை வைத்துக்கொண்டது. கிர்ணி காம்கார் யூனியன் போன்ற இடதுசாரிச் சங்கங்கள் செல்வாக்குப் பெற்றிருந்த நகரம் அது. சங்கம் செய்ய வேண்டிய வேலையை அதிகாரி செய்தால் சங்கத்துக்குத் தேவை இராது என்ற எண்ணம் இந்த ஏற்பாட்டில் ஒளிந்திருக்கவில்லை, வெளிப்படையாகவே இருந்தது. விட்லி ஆணையம் கனவு கண்ட நண்பர் மூன்றே ஆண்டுகளில் சங்கத்தின் போட்டியாளர் ஆனார்.

இந்தப் பதவிக்குப் பயிற்சி பெற்றவர்களை உருவாக்கும் வேலையில் முக்கியப் பங்காற்றியது, 1936இல் பம்பாயில் தொடங்கப்பட்ட சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பட்டப்பள்ளி. இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. அமெரிக்கரான கிளிஃபோர்டு மான்ஷார்ட் முதல் இயக்குநர். அவரையடுத்து வந்த ஜே. எம். குமரப்பா, காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். ஆலையின் உள்விவகாரம் ஒன்றைச் சமூகப்பணியின் கிளையாகக் கற்பித்தது சிறிய செய்தியன்று. அங்கிருந்து வெளியேறியவர் தம்மை மேலாளராக எண்ணுவாரா, சமூக ஊழியராக எண்ணுவாரா என்ற ஊசலாட்டம் பாடத்திட்டத்திலேயே இருந்தது.

விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இந்த ஊசலாட்டத்தைச் சட்டமாக்கியது. அதன் 49ஆம் பிரிவின்படி, வழக்கமாக 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நல அலுவலர் இருக்க வேண்டியிருந்தது. நியமிப்பதும் சம்பளம் தருவதும் முதலாளி. தகுதி, கடமை, பணி நிபந்தனைகளை வகுப்பது மாநில அரசு. இத்தகைய ஏற்பாடு தனியார் துறைப் பதவிகளில் அரிது.

மாநிலங்கள் வகுத்த விதிகளைப் படிக்கும்போது சட்டம் இயற்றியவர்களின் சங்கடம் வரிக்கு வரி தெரிகிறது. சட்டத்துக்குப் புறம்பான வேலைநிறுத்தத்திலிருந்து தொழிலாளரையும், சட்டத்துக்குப் புறம்பான கதவடைப்பிலிருந்து நிர்வாகத்தையும் நல அலுவலர் தடுத்து நிறுத்த முயல வேண்டும். சட்டப்படியான வேலைநிறுத்தமோ கதவடைப்போ நடந்தால் நடுநிலை காக்க வேண்டும். தொழிலாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளை அவர் கையாளக் கூடாது. நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளிக்கு எதிராகத் தீர்ப்பாயத்தில் நிற்கவும் கூடாது. இவற்றுக்கு நடுவே, பட்டத்துக்கும் சமூக அறிவியல் பட்டயத்துக்கும் அடுத்ததாக ஒரு தகுதி சொல்லப்பட்டிருக்கிறது: அந்தப் பகுதித் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பேசும் மொழியில் போதிய அறிவு. 1931இன் ‘மொழித்திறன்’ இங்கே விதியாக இறுகியது. குறை கேட்பவர் துபாஷியின் உதவியுடன் கேட்கக் கூடாது என்பதே இதன் பொருள். இந்தியத் தொழில் சட்டங்களில் மொழி ஒரு தொழிற்தகுதியாக இவ்வளவு தெளிவாக அமைந்த இடங்கள் அதிகமில்லை.

நடுநிலை காப்பவருக்குப் பாதுகாப்பும் வேண்டுமல்லவா? பஞ்சாப் அரசு 1952இல் வகுத்த விதிகள் நல அலுவலரைப் பணிநீக்கம் செய்யத் தொழிலாளர் ஆணையரின் முன் இசைவைக் கோரின. பாதிக்கப்பட்டவர் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யவும் வழி தந்தன. ஒரு சிமெண்டு ஆலையின் நல அலுவலர் நீக்கப்பட்டு இவ்வழியே முறையிட, மாநில அரசு அவருக்குச் சாதகமாக முடிவெடுத்தது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1960களின் நடுப்பகுதியில் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான ஐவர் அமர்வு, இத்தகைய மேல்முறையீட்டைத் தீர்க்கும்போது மாநில அரசு ஒரு தீர்ப்பாயமாகவே செயல்படுகிறது என்று தீர்ப்பளித்தது. சட்ட மாணவர்கள் இவ்வழக்கை அரசியல் சாசனத்தின் 136ஆம் உறுப்புக்காகப் படிக்கிறார்கள். வழக்கின் மையத்தில் இருந்தவர், சம்பளம் தரும் நிறுவனத்தின் விருப்பத்துக்கு எதிராகத் தம் பதவியைக் காத்துக்கொள்ள அரசின் வாசலுக்குச் சென்ற ஒரு நல அலுவலர் என்பது எவராலும் பெரிதாகப் பேசப்படுவதில்லை. ஓய்வுக்குப் பின் அதே கஜேந்திரகட்கர் தலைமையேற்ற தேசியத் தொழிலாளர் ஆணையம் 1969இல் தந்த அறிக்கையும், நிர்வாகத்தின் சார்பில் தகராறுகளைக் கையாளும் வேலையை நல அலுவலரிடம் சுமத்தக் கூடாது என்றது. ஆண்டுகள் பல கழிந்த பின்னும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நடைமுறை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இதற்கிடையே வேறொரு சொல் உள்ளே நுழைந்திருந்தது. ‘மொரேல்’ என்ற ஆங்கிலச் சொல் போர்க்களத்தில் புழங்கியது. படையின் மனத்திண்மையைக் குறித்தது. தமிழில் அதற்கு இன்றுவரை ஒரே சொல் நிலைபெறவில்லை. மனவுறுதி, ஊக்கம், மன உரம் என்று இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்கிறோம். சட்டம் பேசிய ‘நலன்’ பெரும்பாலும் உடலைச் சார்ந்தது: உட்காரும் வசதி, ஓய்வறை, குழந்தைகள் காப்பகம். மொரேல் மனத்தைச் சார்ந்தது. அதை அளக்க உளவியலாளர் தேவைப்பட்டார். அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் மனித உறவுகள் பிரிவைக் கமலா சௌத்ரி நடத்தினார். 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் அதே நகரின் காலிகோ ஆலைக்கு வந்தார். தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி கூடாத கூடத்தில், தனித்தனியே சிதறிக் கிடந்த வேலைகளைச் சிறு குழுக்களின் பொறுப்பில் விடும் யோசனை முன்வைக்கப்பட்டது. அதைத் தொழிலாளர்களே எடுத்துக்கொண்டு குழுக்களை அமைத்தனர். உற்பத்தி கூடியது, பழுது குறைந்தது. 1970இல் எரிக் மில்லர் திரும்பச் சென்று பார்த்தபோது குழுமுறை ஒரு கூடத்தில் நிலைத்திருந்தது. மற்றவற்றில் பழைய மேற்பார்வை முறை திரும்பி வந்திருந்தது. இந்திய ஆலை வரலாற்றில் மன ஊக்கம் பற்றிய ஆய்வுகளில் மிகவும் கற்பிப்பது இதுவே. அங்கே மாறியது வேலையின் அமைப்பு; உணவகத்தின் சுவர் வண்ணமோ ஆண்டுவிழாவோ அன்று.

1970களின் நடுவில் ‘மனிதவள மேம்பாடு’ வந்தது. அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தின் உதய் பரீக்கும் டி. வி. ராவும் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்காக வகுத்த முறை அதன் இந்தியத் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1985இல் மத்திய அரசின் கல்வித் துறையே அந்தப் பெயரைச் சூடி, 2020வரை சுமந்தது. நீர்வளம், கனிமவளம், வனவளம் என்ற வரிசையில் மனிதரும் சேர்ந்தனர். ‘நலன்’ ஒருவருக்கு உரியது; ‘வளம்’ மற்றொருவர் பயன்படுத்துவது. தமிழ்ப் பெயர்ச்சொல்லின் இந்தச் சிறு நகர்வில், அலுவலர் யாருக்கு விடை சொல்ல வேண்டும் என்பதும் சத்தமின்றி மாறிவிட்டது.

அதன்பின் பெயர்கள் விரைவாக மாறின. 2006இல் கூகுள் நிறுவனம் ஒருவரைத் தலைமைப் பண்பாட்டு அலுவலர் ஆக்கியது. இன்று பெங்களூரிலும் குருகிராமிலும் ‘சீஃப் பீப்பிள் ஆபீசர்’, ‘சீஃப் ஹாப்பினஸ் ஆபீசர்’ என்ற பதவிகள் உள்ளன. சம்பளத்திலும் இருக்கையிலும் இவர்கள் பழைய நல அலுவலரைவிடப் பல படிகள் மேலே இருக்கிறார்கள்; நிர்வாகக் குழுவில் இடம் பெறுகிறார்கள். ஆனால் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு மென்பொருள் அலுவலகத்தைத் தொட்டதில்லை. ஊழியர் மனநிலைக் கணக்கெடுப்பின் முடிவு நிர்வாகத்துக்கு உவப்பாக இல்லாதபோது அந்தத் தலைமை அலுவலரை நீக்க எந்த ஆணையரின் இசைவும் தேவையில்லை. ஆட்குறைப்புக் கடிதத்தில் அவரே கையெழுத்திடக் கூடாது என்று சொல்லும் விதியும் கிடையாது. பல இடங்களில் அது அவருடைய வேலையாகவே இருக்கிறது.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு, நல அலுவலரை நியமிக்க வேண்டிய எல்லையை 500இலிருந்து 250 தொழிலாளர்களாகக் குறைத்திருக்கிறது. எண்ணிக்கையில் இது முன்னேற்றமே. பழைய விதிகளில் இருந்த பணிப் பாதுகாப்பும் நடுநிலைக் கடமையும் மொழித் தகுதியும் எவ்வளவு மிஞ்சும் என்பது மாநிலங்கள் வகுக்கும் விதிகளைப் பொறுத்தது. திருப்பூர், கோவை வட்டாரத்து ஆலைகளில் இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். அவர்களை ஊரிலிருந்து அழைத்து வருபவரும், விடுதியில் இருத்துபவரும், அவர்கள் சொல்வதை மேற்பார்வையாளருக்குத் தமிழில் எடுத்துச் சொல்பவரும் பல இடங்களில் ஒரே ஆள்தான்: ஒப்பந்தக்காரரின் முகவர்.