கைத்தூய்மியும் தங்க நகையும்: உல்லாசக் கப்பலில் கையையும் நகையையும் காப்பது எப்படி?

சுங்கை பூலோ: பள்ளி விடுமுறை, திருமண நாள், பெற்றோரின் அறுபதாம் கல்யாணம் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காகக் குடும்பத்தோடு உல்லாசக் கப்பல் ஏறும் தமிழர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் கூடி வருகிறார்கள். சிங்கப்பூரில் ஏறுவோரும் உண்டு, புலாவ் இண்டாவில் உள்ள கிள்ளான் துறைமுகப் பயணக் கப்பல் முனையத்தில் ஏறுவோரும் உண்டு. சுங்கை பூலோவில் இருப்பவர்கள் கொமுட்டர் ரயிலிலேயே கிள்ளான் துறைமுக நிலையம் வரை போகலாம். அங்கிருந்து தீவுக்கு வாகனம் பிடிக்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்று. கப்பலில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கையில் கைத்தூய்மி தெளிப்பார்கள். அது மோதிரத்தையும் வளையலையும் கெடுக்குமா? நகையைக் கழற்றி வைத்தால் பாதுகாப்பா, போட்டுக்கொண்டே இருந்தால் பாதுகாப்பா?

சுருக்கமான பதில்: 916 தங்கத்தைக் கைத்தூய்மி கெடுக்காது. முத்து, பவளம், மரகதம் பதித்த நகைகளைக் கெடுக்கும். கப்பலில் அதிகம் பரவும் வயிற்றுநோய்க் கிருமிக்குக் கைத்தூய்மி மட்டும் போதாது, சவர்க்காரமும் தண்ணீரும் வேண்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவும்போதுதான் மோதிரம் நழுவித் தொலைகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான முடிவு எடுக்க முடியும்.

சுங்கை பூலோவுக்கு வந்த கப்பல் பயணி

கப்பலும் கிருமியும் சுங்கை பூலோவுக்குத் தொலைவான செய்தி அல்ல. 2020 பிப்ரவரியில் 1,455 பயணிகளும் 802 ஊழியர்களும் இருந்த வெஸ்டர்டாம் என்ற கப்பலை ஜப்பான், தைவான், பிலிப்பீன்ஸ், குவாம், தாய்லாந்து ஆகியவை தங்கள் துறைமுகங்களில் சேர்க்க மறுத்தன. கடைசியில் பிப்ரவரி 13இல் கம்போடியாவின் சிஹானுக்வில் அதற்கு இடம் கொடுத்தது. அங்கிருந்து கோலாலம்பூர் வழியாக ஊர் திரும்பிய அமெரிக்கப் பயணி ஒருவருக்கு இங்கே நடந்த முதல் சோதனைகளில் கோவிட்-19 காட்டியது. அவர் சுங்கை பூலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னர் எடுத்த சோதனைகளில் தொற்று இல்லை என்று தெரிய வந்தது.

அதே காலத்தில் ஜப்பானின் யோகோஹாமாவில் தடுத்து நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். அவர்களில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரே மின்தூக்கி, ஒரே படிக்கட்டுக் கைப்பிடி என்று பல ஆயிரம் பேர் பகிரும் இடத்தில் நோய் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை உலகம் அப்போது பார்த்தது.

எந்தக் கிருமிக்கு எது?

கோவிட், சளிக்காய்ச்சல் போன்றவற்றின் கிருமிகளைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை உண்டு. ஆல்கஹால் அந்த உறையைக் கரைத்துவிடுவதால் கிருமி செயலிழக்கிறது. அதற்குக் கைத்தூய்மியில் குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் தந்த இரண்டு தயாரிப்பு முறைகளில் ஒன்றில் 80 விழுக்காடு எத்தனாலும் மற்றொன்றில் 75 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் உள்ளன.

கப்பல்களில் அடிக்கடி பேசப்படும் நோரோவைரஸ் வேறு வகை. அதற்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆகவே கைத்தூய்மி அதனிடம் சரியாக வேலை செய்வதில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி ஆகியவை கிருமி உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாள் நீடிக்கும். இளையவர்கள் எழுந்துவிடுவார்கள். வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உடலில் நீர் வற்றிப்போவது ஆபத்து. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கப்பல் சுகாதாரத் திட்டம் 1970களிலிருந்து இதைக் கண்காணித்து வருகிறது.

இந்தக் கிருமியை விரட்டும் வழி பழைய வழிதான்: சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும், குறைந்தது 20 வினாடி தேய்ப்பும். இங்கே கிருமி கொல்லப்படுவதைவிடத் தோலிலிருந்து கழன்று தண்ணீரோடு போவதே முக்கியம். கழிவறைக்குப் போய் வந்த பின்னும் சாப்பிடும் முன்னும் கழுவியே ஆக வேண்டும். கூடத்தின் வாசலில் தெளிக்கும் கைத்தூய்மி அதற்கு மேல் ஒரு காப்பு, அதற்கு மாற்று அல்ல. கையால் பிசைந்து சாப்பிடுவோருக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

மோதிரத்தின் அடியில்

மோதிரம் போட்ட விரலில், மோதிரத்தின் அடியில் உள்ள தோலில் மற்ற இடங்களைவிடக் கிருமிகள் அதிகம் தங்குகின்றன என்பதை மருத்துவ ஊழியர்களிடம் நடந்த பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தேய்க்கும் கை அங்கே எட்டுவதில்லை. கைத்தூய்மியும் முழுதாக நனைப்பதில்லை. கல் பதித்த மோதிரத்தின் பின்பக்கத் துளைகளில் மாவும் எண்ணெயும் சேரும்.

இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைச் சுகாதார வழிகாட்டி, நோயாளியைக் கவனிக்கும் நேரத்தில் மோதிரம் வேண்டாம் என்கிறது. சமய, பண்பாட்டுக் காரணம் வலுவாக இருந்தால் வழக்கமான பணியில் கல் இல்லாத எளிய திருமண மோதிரத்தை ஏற்கலாம் என்றும், அறுவை அறையில் அதுவும் கூடாது என்றும் அது சொல்கிறது.

கப்பல் பயணி அறுவை செய்யப் போவதில்லை. ஆனால் அந்த வழிகாட்டியின் அளவுகோல் அவருக்கும் பயன்படும். வழுவழுப்பான ஒற்றை வளைய மோதிரம் ஒன்று இருந்தால் அதை மேலும் கீழும் நகர்த்தி அடியில் தேய்த்துக் கழுவலாம். மூன்று விரலில் கல் மோதிரம் இருந்தால் அது நடக்காது.

மோதிரத்தின் அடியில் சிவந்து அரிப்பதைப் பலர் ‘தங்கம் ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார்கள். பெரும்பாலும் காரணம் தங்கம் அல்ல. அடியில் தங்கிய ஈரமும் சவர்க்காரமும் தோலை அரிக்கின்றன. கழுவிய பிறகு மோதிரத்தின் அடியைத் துடைத்து உலர்த்தினாலே பாதி குறையும். நிக்கல் கலந்த மலிவான நகையாக இருந்தால் ஒவ்வாமையும் இருக்கலாம்.

தங்கத்துக்கு என்ன ஆகும்?

916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மீதி பெரும்பாலும் வெள்ளியும் செம்பும். இதையே 22 காரட் என்கிறோம். ஆல்கஹால் தங்கத்தோடு வினை புரிவதில்லை. எத்தனை முறை தெளித்தாலும் எடை குறையாது. ஆல்கஹால் ஆவியான பின் கைத்தூய்மியில் உள்ள கிளிசரின் ஒரு மெல்லிய படலமாக நகை மேல் தங்கும். வைரத்தின் பளபளப்பு மங்குவது இதனால்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது மென்மையான சவர்க்காரம் கலந்து, பழைய மெல்லிய பல் துலக்கியால் பின்பக்கம் தேய்த்தால் அது போய்விடும்.

கவரிங் நகையின் மேல்பூச்சு மிக மெல்லியது. கை தேய்க்கத் தேய்க்க அது போகும். வெள்ளைத் தங்கத்தின் மேல் பூசும் ரோடியமும் காலப்போக்கில் தேயும். பசை போட்டு ஒட்டிய கற்களின் பிடியை ஆல்கஹால் தளர்த்தலாம்.

முத்து, பவளம், மரகதம்

நவரத்தின மோதிரம் போட்டவர்கள் கவனிக்க வேண்டியது: ஒன்பதில் மூன்று கற்கள் கைத்தூய்மிக்குத் தாங்காதவை. முத்தும் பவளமும் உயிரினங்கள் உருவாக்கியவை. இரண்டுமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், மென்மையானவை. ஆல்கஹால் முத்தை உலர்த்தி அதன் ஒளியை மங்கச் செய்யும். எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்புகள் இரண்டையும் அரிக்கும். மரகதத்தில் இயற்கையாகவே நுண்ணிய வெடிப்புகள் உண்டு. அவை தெரியாமல் இருக்க எண்ணெய் ஏற்றுவது வழக்கம். ஆல்கஹால் அந்த எண்ணெயைக் கரைத்து வெளியேற்றினால் மறைந்திருந்த வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியும். ‘கல் உடைந்துவிட்டது’ என்று பதறி வருவோரின் மரகதம் சில வேளை உடைந்திருக்காது, எண்ணெய் போயிருக்கும்.

சோதிடர் சொல்லி அணிந்த கல் என்பதால் கழற்ற மனம் வராதவர்கள், கைத்தூய்மி போடும் நேரத்தில் மட்டும் கழற்றி, கை முழுதாக உலர்ந்த பின் போட்டுக்கொள்ளலாம்.

குளோரின்தான் பகை

1847இல் வியன்னா மருத்துவமனையில் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவம் பார்க்கும் முன் மருத்துவர்கள் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கினார். பிரசவித்த தாய்மார்களின் மரணம் வேகமாகக் குறைந்தது. கைச் சுகாதாரத்தின் வரலாறு குளோரினில் தொடங்கியது என்றே சொல்லலாம். தாயைக் காத்த அதே பொருள் தங்க நகைக்கு ஆகாது. தங்கத்தைக் கரைக்கும் ராஜ திராவகத்தைப் பொற்கொல்லர்கள் அறிவார்கள். அதன் வேலையிலும் குளோரினுக்குப் பங்கு உண்டு.

நீச்சல் குளத்தின் குளோரின் தங்கத்தைக் கரைத்துவிடாது. ஆனால் கலப்பு உலோகத்தைத் தாக்கி, கல்லைப் பிடித்திருக்கும் சிறு கொக்கிகளிலும் பற்றவைத்த இடங்களிலும் நுண்ணிய வெடிப்பை உண்டாக்கும். தங்கம் குறைந்த 18 காரட் நகைக்கும், நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்துக்கும் ஆபத்து அதிகம். சூடான தண்ணீரில் வினை வேகமாகும் என்பதால் கப்பலின் வெந்நீர்த் தொட்டி குளத்தைவிட மோசம். வயிற்றுநோய் பரவினால் ஊழியர்கள் கைப்பிடிகளைக் குளோரின் கரைசலால் துடைப்பார்கள். ஈரமாக இருக்கும் கைப்பிடியை மோதிரக் கையால் பிடிக்காமல் இருப்பது நல்லது.

தாலியைக் கழற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. தாலி கழுத்தில் இருப்பது, கையைப்போல் எல்லாவற்றையும் தொடுவதில்லை. கவனம் வேண்டியது கயிற்றில்தான். மஞ்சள் கயிறு வியர்வையிலும் உப்புத் தண்ணீரிலும் நனைந்து நைந்துபோகும். கயிற்றில் அணிந்திருப்பவர்கள் பயணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்துப் புதுக் கயிறு மாற்றிக்கொள்வது நல்லது. தங்கக் கொடியில் அணிந்திருப்பவர்கள் திருகையும் கொக்கியையும் நகைக்கடையில் சோதித்துக்கொள்ள வேண்டும். பவள மணி கோத்திருந்தால் கைத்தூய்மி போட்ட கை உலரும் முன் அதைத் தொட வேண்டாம். குளத்தில் இறங்குவோர் தாலியை ஆடைக்குள் வைத்து, வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தினால் போதும்.

கழற்றினால் எங்கே வைப்பது?

இந்த வட்டாரத்தில் தங்கம் வெறும் அலங்காரம் அல்ல. சுங்கை பூலோவில் ரப்பர் ஆய்வுக் கழகத்தின் தோட்டம் இருந்த நிலம் இன்று குவாசா டாமன்சாராவாக மாறிவிட்டது. தோட்டங்கள் போன பிறகு பல குடும்பங்களின் கையில் மிஞ்சிய சேமிப்பு, பால்மரம் வெட்டிய பாட்டி வாங்கிய சங்கிலியும் வளையலும்தான். பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பி வந்த நகை அது. கப்பலில் அது தொலைந்தால் யார் பொறுப்பு?

கடல்வழிப் பயணிகள் குறித்த 1974ஆம் ஆண்டின் ஏதென்ஸ் உடன்படிக்கை, பணம், தங்கம், நகை போன்றவற்றைப் பாதுகாப்பாக வைப்பதற்கென்று கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தால் அன்றி, அவை தொலைந்ததற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்கிறது. பயணச்சீட்டு நிபந்தனைகளில் இதே கருத்து இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பயணக் காப்புறுதியிலும் நகைக்கு உச்சவரம்பு இருக்கும்.

நகை தொலைவது பெரும்பாலும் திருட்டில் அல்ல, கழுவும் தொட்டியில். குளிரூட்டிய அறையில் விரல் சுருங்கும். சவர்க்காரம் வழுக்கும். தொட்டியின் ஓரத்தில் வைத்த மோதிரம் கப்பல் ஆட்டத்தில் உருளும். வடிகாலில் விழுந்தால் உடனே குழாயை மூடிவிட்டு அறை ஊழியரை அழைக்க வேண்டும். தொட்டியின் அடியில் உள்ள வளைந்த குழாயில் அது தங்கியிருக்க வாய்ப்புண்டு. கப்பல் கழிவறை காற்றழுத்தத்தால் உறிஞ்சி இழுப்பது. அதில் போனால் மீட்பது அரிது.

செய்ய வேண்டியவை

பயணத்துக்கு முன்: கல் நகை, முத்துமாலை, பரம்பரை நகை ஆகியவற்றை வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ விட்டுச் செல்லவும். கொண்டு போகும் நகையைப் படம் எடுத்து, ரசீதைத் தனியே வைக்கவும். இறுகிப்போன மோதிரம் இருந்தால் ஊரிலேயே கழற்றிப் பெரிதாக்கிக்கொள்ளவும். கையைச் சற்று நேரம் உயர்த்திப் பிடித்து, சவர்க்காரம் தடவிச் சுழற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். விரல் வீங்கி நிறம் மாறினால் இழுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ போகவும். இறுகிய மோதிரத்தை வெட்டி எடுப்பது நம் தீயணைப்பு வீரர்களுக்குப் பழகிய வேலை.

கப்பலில்: பகலில் ஒரு எளிய மோதிரம், ஒரு சங்கிலி போதும். கழற்றும் மோதிரத்தைத் தொட்டியின் ஓரத்திலோ துடைப்புத் தாளிலோ வைக்காமல், மூடியுள்ள சிறு பையில் போட்டு அறைப் பெட்டகத்தில் வைக்கவும். விருந்து இரவில் நகை அணிய விரும்பினால் கை கழுவி உலர்த்திய பின் கடைசியாக அணிந்து, திரும்பியதும் முதலில் கழற்றவும்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால்: அறையிலேயே இருந்து கப்பல் மருத்துவரிடம் சொல்லவும். மறைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதால்தான் நோய் மற்றவர்களுக்குப் போகிறது.

திரும்பிய பின்: அணிந்த நகைகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மென்மையான துணியில் உலர்த்தவும். முத்தையும் பவளத்தையும் ஊற வைக்காமல் ஈரத் துணியால் துடைத்தால் போதும். கல் மோதிரத்தைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பார்க்கவும். கல் ஆடும் சத்தம் கேட்டால் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை என எங்கேயாவது பழக்கமான நகைக்கடையில் கொக்கிகளை இறுக்கச் சொல்லிவிட்டு அதன் பிறகே மீண்டும் அணியவும்.