காற்றாலை பிறந்த கதை

1887 ஜூலை. ஸ்காட்லாந்தில் மேரிகிர்க் என்ற சிற்றூர். கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பிளைத், விடுமுறைக்குத் தங்கும் வீட்டின் தோட்டத்தில் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு காற்றாடியை நிறுத்தினார். பாய்த்துணி இறக்கைகள் சுழன்று டைனமோவைச் சுற்றின. கரண்ட் பேட்டரிகளில் சேர்ந்து இரவில் வீட்டு விளக்கை எரித்தது. மிஞ்சியதை ஊர்த் தெருவுக்குத் தருவதாகச் சொன்னார். மின்சாரம் சாத்தானின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் சார்லஸ் பிரஷ், 144 மர இறக்கைகள் கொண்ட 17 மீட்டர் சக்கரத்தை நிறுவினார். அவ்வளவு பெரிய சக்கரம் தந்தது 12 கிலோவாட். அதுவும் நிலவறையில் அடுக்கியிருந்த பேட்டரிகளுக்குத்தான் போனது.

காற்றாலையின் பிறப்பை இந்த இருவரிடமிருந்து தொடங்குவது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காற்றில் சக்கரம் சுழல்வது பல நூற்றாண்டுப் பழக்கம். காந்தமும் செப்புச் சுருளும் ஒன்றையொன்று கடந்து நகர்ந்தால் கரண்ட் பிறக்கும் என்பதை ஃபாரடே 1831லேயே காட்டிவிட்டார். இரண்டையும் ஒரு பெல்ட்டில் இணைக்கலாம். பாடு வேறிடத்தில் இருந்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். காலையில் விளக்குக்கே போதாத காற்று, மாலையில் இயந்திரத்தையே முறித்துப் போடும். இந்தக் குணத்தோடு ஒத்துவாழும் இயந்திரம் பிறக்க இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின.

அதற்கு வித்திட்டவர் டென்மார்க்கின் அஸ்கோவ் கிராமத்தில் ஆசிரியராக இருந்த பௌல் லா கூர். 1891ல் அரசுப் பணத்தில் ஒரு சோதனைக் காற்றாலை கட்டினார். பேட்டரிக்குப் பதில், கரண்டால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைத் தொட்டியில் சேர்த்தார். பள்ளி விளக்குகள் அந்த வாயுவில் பல ஆண்டுகள் எரிந்தன. சில தடவை வாயு வெடித்து ஜன்னல் கண்ணாடிகளும் சிதறின. காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, குறைந்த இறக்கைகள் வேகமாகச் சுழல்வதே மின்சாரத்துக்கு ஏற்றது என்றும் கண்டறிந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காற்று மின்சார வகுப்பும் நடத்தினார். 1904ல் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன்களில் ஒருவர் யொஹன்னஸ் யூல்.

யூல் மின்வாரிய வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அறுபதைத் தாண்டியபின் காற்றுக்குத் திரும்பினார். 1957ல் டென்மார்க்கின் தென்கோடியில், கெட்ஸர் கடலோரத்தில், அவருடைய 200 கிலோவாட் காற்றாலை எழுந்தது. என் கணக்கில் பிறந்த நாள் அதுதான்.

பேட்டரி, ஹைட்ரஜன் எதுவும் அதில் இல்லை. சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரைப் போன்ற ஜெனரேட்டரை நேராக ஊர் மின்தொகுப்பில் இணைத்தார். மோட்டாரைத் தொகுப்பு இழுக்கும் வேகத்துக்குச் சற்று மேலே தள்ளிச் சுழற்றினால், அது கரண்டைத் தின்பதை விட்டுத் தரத் தொடங்கும். ஆயிரம் பேர் இழுக்கும் தேர்வடத்தில் இன்னொருவர் கைபோடுவது போல: வேகம் ஆயிரம் பேருடையது, இவர் சேர்ப்பது பலம் மட்டும். காற்று ஏறினாலும் இறங்கினாலும் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய முப்பது சுற்றில் நின்றது.

இந்த மாறாத வேகமே புயலுக்கும் மருந்தானது. விமான இறக்கை போல வளைந்த அலகின் (காற்றாலை இறக்கையின்) மேல் காற்று ஒட்டி ஓடும்போது எழும் தூக்குவிசைதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் வேகம் கூட்டாதபோது, காற்று வலுக்க வலுக்க அது அலகின் மேல் படும் கோணம் செங்குத்தாகிக்கொண்டே போகும். ஓர் எல்லையைத் தாண்டினால் காற்றோட்டம் அலகை விட்டுப் பிரிந்து சிதறும். தூக்குவிசை மேற்கொண்டு ஏறாது. அலகைத் திருப்ப ஆள் வேண்டாம், கருவி வேண்டாம். திடீரென்று தொகுப்பு அறுந்தால்? பிடித்துவைக்க எதுவுமின்றிச் சக்கரம் வெறிகொண்டு சுழலும். அதற்காகத்தான் மூன்று அலகுகளின் நுனியையும் தனித் துண்டாகச் செய்தார். வேகம் மீறியதும் அவை தாமாகக் குறுக்கே திரும்பிப் பிரேக் பிடித்தன. ஒன்றின் பலவீனத்தை இன்னொன்று தாங்கும்படி யோசித்த இந்த மனசை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

எண்ணெய் மலிவாக இருந்த காலம். 1967ல் கெட்ஸரை நிறுத்திவிட்டார்கள். இரண்டு ஆண்டில் யூலும் மறைந்தார். 1973ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர்தான் உலகம் அவரைத் தேடி வந்தது. நாசா விருப்பத்தின்பேரில் பழைய காற்றாலையை மறுபடி ஓடவிட்டு அளந்தார்கள். அதற்குள் கிறிஸ்டியன் ரீசாகர் என்ற டேனிஷ் தச்சர், அதே மூன்று அலகு அமைப்பில் 22 கிலோவாட் காற்றாலையைச் செய்து மின்தொகுப்பில் இணைத்திருந்தார். சின்னப் பட்டறைகள் தொழிற்சாலைகளாயின.

டென்மார்க் அரசின் உதவியோடு தமிழ்நாட்டில் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வந்தது இந்த வழியில்தான். ஆனால் யூலின் வடிவம் உறுதியான தொகுப்பை நம்பியது. இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் தன் காந்தப்புலத்துக்கே தொகுப்பிலிருந்து மின்சாரம் கேட்கும். முப்பந்தலை ஒட்டிய ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கரண்ட் போனால், எவ்வளவு காற்று இருந்தும் இயந்திரம் நிற்க வேண்டியதுதான். அங்கே இயந்திரங்களுக்குச் சமமாகத் துணைமின் நிலையங்களும் கெபாசிட்டர்களும் தேவைப்பட்டன.