துணி போர்த்த வானூர்தியில் ரான்ஸ்பொண்டர் அன்ரனா பொருத்துதல்

வீட்டுக் கராஜில் ஒரு வானூர்தியைக் கட்டி, பதிவுசெய்து, அதில் தாமே ஏறிப் பறப்பது அமெரிக்காவில் சட்டம் இடம்தரும் காரியம். வேலையில் பாதிக்கு மேற்பட்ட பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்காகவோ தாமே செய்தவர்கள் 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற வகுப்பில் பறப்பு அனுமதி பெறலாம். எமது வீடுகளிலும் பறக்கப் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளை கிற்பொக்ஸ் போன்ற ஒரு வானூர்தியைப் பாகங்களாக வாங்கிவந்து கட்டத் தொடங்கினால், உருக்குக் குழாய்களை இணைத்த எலும்புக்கூட்டின் மேல் பொலியெஸ்டர் துணியைப் போர்த்தும் கட்டத்தில் ஒரு சின்னக் கேள்வி வந்து நிற்கும்: ரான்ஸ்பொண்டரின் அன்ரனாவை எங்கே, எதன்மேல் பொருத்துவது? துணி போர்த்திய பிறகு இந்தக் கேள்வி எழுந்தால் வேலை இரட்டிப்பாகும். அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறோம்.

ரான்ஸ்பொண்டர் என்பது கேட்டால் பதில் சொல்லும் கருவி. தரையிலுள்ள இரண்டாம்நிலை ராடார் 1030 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் கேள்வி அனுப்பும். வானூர்தியிலுள்ள கருவி 1090 மெகாஹேர்ட்ஸில் பதில் அனுப்பும். பதிலில் விமானி திருகிவைத்த நான்கிலக்க எண்ணும், வானூர்தியின் உயரமும் இருக்கும். இலக்கங்கள் 0 முதல் 7 வரை மட்டுமே என்பதால் மொத்தம் 4096 எண்கள்தான். கண்பார்வை விதிகளின்படி தனியே பறப்பவர்கள் 1200 என்ற எண்ணை வைப்பார்கள். பெரிய பயணிகள் விமானங்களில் உள்ள மோதல் எச்சரிக்கைக் கருவியும் இதே கேள்வியைத்தான் சுற்றிலும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பதில் வராத வானூர்தி அந்தக் கருவியைப் பொறுத்தவரை வானத்தில் இல்லை.

இல்லாததுபோல் பறந்ததன் விலை என்ன என்பது 1986 ஒகஸ்ட் 31 அன்று தெரிந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிற்றோஸ் நகருக்கு மேலே ஏரோமெக்சிக்கோவின் டி.சி-9 விமானமும் பைப்பர் சிறு வானூர்தி ஒன்றும் மோதின. பெரிய விமானத்தில் 64 பேர், சிறியதில் 3 பேர், தரையில் தம் வீடுகளில் இருந்த 15 பேர் என 82 பேர் இறந்தார்கள். பைப்பரில் ரான்ஸ்பொண்டர் இருந்தது. ஆனால் உயரத்தைச் சொல்லும் வசதி அதில் இல்லை. எமக்கு இன்னும் பழக்கமான வானத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1996 நவம்பர் 12 அன்று தில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தபோது, தில்லிக் கட்டுப்பாட்டாளர்களின் ராடார் உயரத்தைக் காட்டாத வகையாக இருந்தது. விமானி வாயால் சொன்ன உயரத்தை நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

செரிற்றோஸுக்குப் பிறகு அமெரிக்க விதிகள் இறுகின. 1989 யூலை முதல், குறிப்பிட்ட பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 55 கிலோமீற்றர் வட்டத்துக்குள், 10,000 அடிக்குக் கீழே பறக்கும் வானூர்திகளுக்கு உயரம் சொல்லும் ரான்ஸ்பொண்டர் கட்டாயம். 2020 ஜனவரி முதல், தன் இருப்பிடத்தைத் தானாகவே ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்-பி கருவியும் அங்கே வேண்டும். எம்மவர் குடியிருக்கும் ஊர்களை வரைபடத்தில் பாருங்கள். நியூ ஜேர்சியின் எடிசன் நியூவார்க் நிலையத்தின் வட்டத்துக்குள் வருகிறது. கலிபோர்னியாவின் பிறீமொன்ற்றும் சன்னிவேலும் சான் பிரான்சிஸ்கோவின் வட்டத்துக்குள். டெக்சாஸில் பிளேனோவும் இர்விங்கும் டலஸ்-போர்ட்வேர்த் வட்டத்துக்குள். சுகர்லாண்ட் ஹூஸ்டன் வட்டத்துக்குள். எஞ்சினால் இயங்கும் மின்தொகுதி இல்லாமலே வடிவமைக்கப்பட்ட பழைய வானூர்திகளுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் இன்றைய கிற் வானூர்திகளில் பரவலாகப் பூட்டப்படும் ரோட்டக்ஸ் 912 எஞ்சினோடு மின்னாக்கி சேர்ந்தே வருகிறது. அந்த விலக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

இனி அன்ரனாவுக்கு வருவோம். 1090 மெகாஹேர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் ஏறத்தாழ 27.5 சென்ரிமீற்றர். அதில் நாலில் ஒரு பங்கு ஏழு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வானூர்தியின் அடிவயிற்றில் விரல் நீளத்துக்குத் தொங்கும் அந்தக் கம்பியின் அளவு இப்படித்தான் வந்தது. ஆனால் இந்தக் கம்பி அன்ரனாவின் பாதிதான். மறுபாதி, அது நிற்கும் உலோகப் பரப்பு. கண்ணாடி முன் பாதிப் பொருளை வைத்தால் முழுப்பொருள் தெரிவதுபோல, உலோகப் பரப்பு கம்பியின் பிம்பத்தை உண்டாக்கி அதை முழு அன்ரனாவாக்குகிறது. இந்தப் பரப்பைக் கட்டுவோர் 'கிறவுண்ட் பிளேன்' என்பார்கள். அலுமினியத் தோல் கொண்ட செஸ்னாவில் இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வானூர்தியின் வயிறே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

துணி வானூர்தியில் அது இல்லை. துணியின்மேல் வெயில் தாக்காதிருக்க அலுமினியத் தூள் கலந்த வெள்ளிநிறப் பூச்சு அடிப்பார்கள். அதுவே போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. அந்தத் தூள் துணிக்கைகள் பிசினுக்குள் தனித்தனியே கிடப்பவை. மின்னோட்டம் அவற்றினூடே தடையின்றி ஓடாது. உருக்குக் குழாய்கள் மின்கடத்திகள்தான். ஆனால் அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் இந்த அலையின் நீளத்தைவிடப் பெரியவை. கிறவுண்ட் பிளேன் இல்லாமல் பொருத்தினால் கருவி இயங்கும், விளக்கும் மின்னும். ஆனால் பதில் எல்லாத் திசைக்கும் ஒழுங்காகப் போகாது. கேபிளின் வெளிப்பின்னலே அன்ரனாவின் மறுபாதியாகி, சக்தியின் ஒரு பங்கை இருக்கைப் பக்கமே சிந்தும். தலையணிக் கருவியில் இரைச்சல் கேட்கலாம். கட்டுப்பாட்டாளரின் திரையில் வானூர்தி தோன்றி மறையும். இதில் மோசமானது, உள்ளே இருப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிவதுதான்.

தீர்வு எளிது: ஒரு தகடு. குறைந்தபட்சம் கம்பியின் நீளம் ஒவ்வொரு பக்கமும் வரவேண்டும். அதாவது 14 சென்ரிமீற்றர் விட்டம். நடைமுறையில் ஓரடிக்கு ஓரடி அலுமினியத் தகடு வைத்து, நடுவில் அன்ரனாவைப் பூட்டுவது நல்லது. 0.032 அங்குலத் தடிப்பில் அது சுமார் 200 கிராம்தான் வரும். எப்.ஏ.ஏ. வெளியிட்ட ஏ.சி. 43.13-2பி என்ற கைநூல் இன்னொரு வழியும் சொல்கிறது: அன்ரனாவின் அடியிலிருந்து சூரியக்கதிர்போல நாலாபுறமும் உலோகத்தாள் பட்டிகளைத் துணிக்கு உட்புறமாக ஒட்டலாம், ஒவ்வொரு பட்டியும் அன்ரனாவின் நீளத்துக்குக் குறையக்கூடாது. வேலை செய்யும் முறைதான். ஆனால் மெல்லிய தாள் நாளடைவில் கிழியும், நடுவில் சேரும் இடம் அரிக்கும். எமது தெரிவு தகடுதான்.

தகட்டைத் துணி தாங்கக்கூடாது, குழாய்கள் தாங்கவேண்டும். அதற்காகக் குழாயில் துளை போடவே கூடாது. துளை அந்த இடத்தைப் பலவீனமாக்கும், உள்ளே ஈரம் புகும். ரப்பர் உறையிட்ட கவ்விகளைக் குழாயைச் சுற்றிப் பூட்டி, அவற்றில் தகட்டைத் திருகலாம். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் தகட்டையும் சட்டகத்தையும் ஒரு சிறு பின்னல் பட்டியால் இணைத்துவிடுவது வழக்கம். அதைவிட முக்கியமானது அன்ரனாவின் அடிப்பகுதியும் தகடும் தொடும் இடம். அங்கே வர்ணம் இருந்தால் சுரண்டி, வெறும் உலோகம் உலோகத்தைத் தொடச் செய்யவேண்டும். கேபிளின் வெளிப்பின்னல் அன்ரனாவின் அடி வழியாகத் தகட்டைச் சேரவேண்டும் என்பதே முழு வேலையின் சாரம்.

இதையெல்லாம் துணி போர்த்துமுன் செய்துவிட்டால் அரைநாள் வேலை. போர்த்தி, இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கிச் சுருக்கி, பூச்சும் அடித்தாகிவிட்டால், பார்வைத் துவாரம் ஒன்று வெட்டி அதற்குள் கைவிட்டு எல்லாவற்றையும் செய்யவேண்டிவரும். இரண்டு நிலையிலும், கம்பி வெளியே வரும் இடத்தில் துணியின்மேல் ஒரு வளையத்தை ஒட்டி, அதற்கு நடுவில் மட்டுமே துளையிடவேண்டும். இல்லாவிட்டால் காற்றில் துணி கிழிந்துகொண்டே போகும்.

துணி போர்த்த உருக்குக் குழாய் வானூர்தி எமக்கு ஒன்றும் அந்நியமல்ல. 1935 நவம்பர் 27 அன்று இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியது சென்னைப் பறப்புக் கழகத்தின் புஸ் மொத். அதுவும் இதே அமைப்புத்தான். அதற்கு ரான்ஸ்பொண்டர் தேவைப்படவில்லை. அன்று அந்த வானத்தில் மோதுவதற்கு வேறு யாரும் இருக்கவில்லை.

எந்த இடம் என்பதில் இரண்டு தேவைகள் ஒன்றையொன்று இழுக்கும். சக்கரக் கால்கள், புகைக்குழாய், மற்ற அன்ரனாக்கள் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்கவேண்டும்; அவை நிழல்போல ஒரு திசையை மறைக்கும். ஆட்களின் உடலுக்கு நேர்கீழேயும் வேண்டாம். கருவி அனுப்பும் துடிப்பின் உச்சச் சக்தி 200 வாற் வரை போகலாம். துடிப்பு ஒவ்வொன்றும் அரை மைக்ரோ செக்கனுக்கும் குறைவு என்பதால் சராசரி மிகச் சிறிது. தகடும் ஒரு மறைப்புத்தான். இருந்தாலும் தூரம் நல்லது. அதற்காக வாலுக்குக் கொண்டுபோனால் கேபிள் நீண்டுவிடும். இந்த அலைவரிசையில் கேபிள் சக்தியை வேகமாக விழுங்கும். கருவிகளின் கைநூல்கள் இழப்புக்கு ஒரு எல்லை வைக்கின்றன, 1.5 டெசிபெல் என்றால் ஏறத்தாழ 30 வீதம் வழியிலேயே போய்விட்டது என்று பொருள். இரட்டைப் பின்னல் கொண்ட ஆர்.ஜி-400 கேபிளிலேயே ஏறக்குறைய ஒன்பது அடியில் அந்த எல்லை வந்துவிடும். பழைய ஆர்.ஜி-58 மலிவு என்று வாங்கிப் போடுவது இங்கே சரிவராது. ஆகவே இருக்கைக்குச் சற்றுப் பின்னே, அடிவயிற்றின் நடுக்கோட்டில், நேர்கீழாகத் தொங்கும்படி வைப்பதே பெரும்பாலும் பொருந்திவரும்.

துணி றேடியோ அலையைத் தடுக்காது என்பதால் அன்ரனாவைத் துணிக்கு உள்ளேயே மறைத்துவைப்போரும் உண்டு. காற்றுத்தடை குறையும், அழகாகவும் இருக்கும். ஆனால் பக்கத்திலுள்ள குழாய்கள் மறைக்கும் திசைகள் எவை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெளியே விடுங்கள். நுனியில் குண்டு வைத்த கம்பி வகை சில பத்து டொலருக்குக் கிடைக்கும். சுறாவின் செதிள்போன்ற தட்டை வகை நூறு டொலரைத் தாண்டும். வேலை ஒன்றுதான். வயிற்றில் வழியும் எண்ணெயைத் துடைக்கும்போது கம்பி வளையும், செதிள் வளையாது.

பொருத்திய பின் பரிசோதனை. தன் வானூர்தியைத் தானே கட்டியவர் அதற்கான பழுதுபார்ப்போர் சான்றிதழ் பெற்று ஆண்டுச் சோதனையைத் தாமே செய்யலாம். ரான்ஸ்பொண்டர் சோதனை வேறு. அது 24 மாதங்களுக்கு ஒருமுறை, பொதுவாக எப்.ஏ.ஏ. அங்கீகாரம் பெற்ற திருத்தகம் செய்யவேண்டியது. கருவி சொல்லும் உயரம் விமானியின் உயரமானியோடு 125 அடிக்குள் ஒத்துப்போகிறதா என்பதையும் பார்ப்பார்கள். ஏ.டி.எஸ்-பி தகவலும் இதே 1090 அன்ரனா வழியாகப் போகும் கருவியாக இருந்தால், ஒரு பறப்பு முடிந்தபின் எப்.ஏ.ஏ. இணையத்தில் அந்தப் பறப்புக்கான செயற்பாட்டு அறிக்கையை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். இரு பக்கமும் திரும்பி, முழு வட்டமும் அடித்துப் பறந்துவிட்டுக் கேளுங்கள். நேரே மட்டும் பறந்தால் நிழல் விழும் திசை தெரியாமல் போகலாம். குறைகள் அறிக்கையில் சிவப்பில் வரும். வந்தால் முதலில் கழற்றிப் பார்க்கவேண்டியது தகடும் அன்ரனாவும் தொடும் அந்த இடத்தை.