உடலுக்குள் வைக்கப்படும் அடையாளம்: கைக்குத் தட்டுப்படாத கட்டியை சர்ஜன் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

கட்டி என்றால் கையால் தொட்டால் தெரியும் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் மேமோகிராம் பரிசோதனையில் கண்டுபிடிக்கப்படும் மார்பகக் கட்டிகளில் பல கைக்குத் தட்டுப்படுவதே இல்லை. சில 1 செ.மீ. அளவுகூட இருக்காது. சில கட்டியாகவே இருக்காது. உப்புத்தூள் சிதறியது போன்ற சுண்ணாம்புப் புள்ளிகளாகப் படத்தில் மட்டும் தெரியும்.

நோயை இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்ல செய்திதான். ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மேமோகிராம் எடுக்கும்போது மார்பகம் இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தப்பட்டிருக்கும். அறுவை சிகிச்சையின்போதோ நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். மார்பகத்தின் வடிவமே மாறிவிடும். படத்தில் தெரிந்த இடம் இப்போது எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணாலும் கையாலும் சொல்ல முடியாது. குத்துமதிப்பாக வெட்டினால் நோய் உள்ளேயே தங்கிவிடலாம், அல்லது தேவையில்லாமல் நல்ல சதையையும் சேர்த்து எடுக்க நேரிடலாம்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகத்தான் உடலுக்குள் சிறு அடையாளப் பொருட்களை வைக்கிறார்கள். "உடம்புக்குள் ஏதோ உலோகத்தை வைத்துவிட்டார்களாம்" என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு என்பதால், இவை என்ன, எப்படி வேலை செய்கின்றன, நாம் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

பயாப்ஸி கிளிப்

ஸ்கேனில் சந்தேகம் வந்தால் ஊசி மூலம் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிப்பதை பயாப்ஸி என்கிறோம். கட்டி மிகச் சிறியதாக இருந்தால் பயாப்ஸியிலேயே அதன் பெரும்பகுதி வெளியே வந்துவிடக்கூடும். பிறகு 'புற்றுநோய்' என்று ரிப்போர்ட் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. எனவே அதே ஊசி வழியாக 2 அல்லது 3 மி.மீ. அளவுள்ள ஒரு சிறு உலோகக் கிளிப்பை அந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் இது டைட்டானியத்தால் ஆனது. ரிப்பன், சுருள் என்று பல வடிவங்களில் இருக்கும். ஒரே மார்பகத்தில் இரண்டு இடங்களில் பயாப்ஸி எடுத்தால் வெவ்வேறு வடிவக் கிளிப்களை வைப்பார்கள். எது எந்த இடம் என்று பின்னால் குழப்பம் வராது. கிளிப் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்ய உடனே ஒரு மேமோகிராம் எடுப்பதும் வழக்கம்.

ரிப்போர்ட்டில் புற்றுநோய் இல்லை என்று வந்தால் கிளிப் அப்படியே இருந்துவிடலாம். அதனால் பாதிப்பு இல்லை. அடுத்த ஆண்டு வேறு மருத்துவர் படத்தைப் பார்த்தாலும், 'இந்த இடம் ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்டது' என்று அது சொல்லும்.

கட்டி கரைந்துவிட்டால்?

இந்த அடையாளம் மிக அவசியமாகும் இடம் ஒன்று உண்டு. நம் நாட்டில் மார்பகப் புற்றுநோயோடு வரும் பெண்களில் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்களில் பலருக்கு முதலில் கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். மருந்து நன்றாக வேலை செய்தால் கட்டி ஸ்கேனிலும் தெரியாத அளவுக்குக் கரைந்துவிடும்.

அப்போது, "கட்டிதான் போய்விட்டதே, ஆபரேஷன் எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியாத செல்கள் அங்கே மிச்சமிருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்பதை அந்த இடத்துச் சதையை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். கீமோவுக்கு முன்பே கிளிப் வைத்திருந்தால் சர்ஜன் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு மார்பகத்தைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. வைக்காவிட்டால் கட்டி எங்கே இருந்தது என்றே தெரியாமல் போய், முழு மார்பகத்தையும் அகற்றும் நிலை வரலாம். சிகிச்சை பலன் தந்த ஒரு பெண், அடையாளம் வைக்காத ஒரே காரணத்தால் மார்பகத்தை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் இது பொருந்தும். முன்பு கணுவில் நோய் பரவியிருந்தால் அக்குளில் உள்ள கணுக்களை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். அதனால் பலருக்குக் கை வீங்கி ஆயுள் முழுவதும் தொல்லை கொடுக்கும். இப்போது நோயுள்ள கணுவில் கீமோவுக்கு முன்பே கிளிப் வைத்து, பிறகு அந்தக் கணுவையும் நிணநீர் முதலில் சென்று சேரும் காவல் கணுக்களையும் மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை வந்திருக்கிறது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. காவல் கணுக்களை மட்டும் பார்த்தபோது மிச்சமிருந்த நோயைத் தவறவிட்ட விகிதம் 10.1%. கிளிப் வைத்த கணுவையும் சேர்த்துப் பார்த்தபோது அது 1.4% ஆகக் குறைந்தது.

கம்பி முறை

கிளிப் படத்தில் தெரியும்; ஆனால் அறுவை அறையில் சர்ஜனுக்கு அது தானாகக் குரல் கொடுக்காது. அந்த இடத்துக்கு வழிகாட்ட இன்னொன்று தேவை. 1970களிலிருந்து இதற்குப் பயன்பட்டு வருவது நுனியில் கொக்கி உள்ள மெல்லிய கம்பி. அறுவை சிகிச்சை அன்று காலையில் ரேடியாலஜி மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, படத்தைப் பார்த்தபடி கம்பியின் நுனியைக் கட்டி இருக்கும் இடத்தில் நிறுத்துவார். மறுமுனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பின்பற்றி சர்ஜன் உள்ளே போவார்.

கம்பிக்குச் செலவு குறைவு. இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் கம்பி நகர்ந்துவிடலாம், சில சமயம் உடையலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியோடு அறுவை அறைக்குக் காத்திருப்பது நோயாளிக்குச் சிரமம். ரேடியாலஜியில் தாமதமானால் அறுவை சிகிச்சையும் தாமதமாகும்.

கம்பி இல்லாத முறைகள்

இந்தச் சிரமங்களைக் குறைக்க வந்தவைதான் அரிசி மணி அளவிலான 'விதைகள்'. அறுவைக்குச் சில நாட்கள் முன்பே இவற்றை ஊசி மூலம் வைத்துவிடலாம். வெளியே எதுவும் தெரியாது. சர்ஜன் கையில் உள்ள கருவி அவற்றை நெருங்க நெருங்க ஒலியாலும் எண்ணாலும் வழிகாட்டும்.

முதலாவது, கதிரியக்க விதை. சுமார் 4.5 மி.மீ. நீளமுள்ள டைட்டானியக் கூட்டுக்குள் அயோடின்-125 இருக்கும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்திலுள்ள மொஃபிட் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்கள் இதைக் கம்பியோடு ஒப்பிட்ட ஆய்வை 2001இல் வெளியிட்டார்கள். இதன் கதிர்வீச்சு மிகக் குறைவு. சுமார் 60 நாட்களில் பாதியாகிவிடும். ஆனால் கதிரியக்கப் பொருள் என்பதால் ஒவ்வொரு விதையையும் கணக்கு வைத்து, அறுவையில் திரும்ப எடுத்துப் பாதுகாப்பாக ஒப்படைக்க வேண்டும்.

இரண்டாவது, காந்த விதை. பிரிட்டனின் எண்டோமேக் நிறுவனம் உருவாக்கிய மேக்சீட் 5 மி.மீ. நீளமுள்ள எஃகுத் துண்டு. இதில் கதிர்வீச்சே கிடையாது. ஆனால் அறுவையின்போது சாதாரண எஃகுக் கருவிகள் இதைத் தேடும் கருவியைக் குழப்பும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் விதையைச் சுற்றி ஒரு கரும்பகுதி தெரியும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, ரேடார் முறை. ஸ்கவுட் என்ற 12 மி.மீ. நீளமுள்ள சிறு பொருள், மின்கலம் எதுவும் இல்லாமலேயே, வெளியிலிருந்து வரும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். இதன் மெல்லிய ஆண்டெனாக்களில் நிக்கல் கலந்த உலோகம் இருப்பதால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தெரிவிக்க வேண்டும்.

நான்காவது, ரேடியோ அலை அடையாள வில்லை. ஒவ்வொரு வில்லைக்கும் தனி எண் உண்டு. கருவியின் திரையில் அந்த எண்ணும், இன்னும் எத்தனை மி.மீ. தூரம் என்பதும் தெரியும்.

புதியது என்பதாலேயே இவை நோயைக் கூடுதலாகக் குணப்படுத்தும் என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் கம்பியையும் மேக்சீடையும் ஒப்பிட்ட பல மருத்துவமனை ஆய்வில், மறுபடியும் அறுவை தேவைப்பட்டவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. நோயாளியின் வசதியும் நேர ஒழுங்குமே முக்கிய ஆதாயம். எனவே நம் ஊர் மருத்துவமனையில் கம்பி முறைதான் உள்ளது என்றால், குறைந்த சிகிச்சை கிடைக்கிறது என்று கலங்க வேண்டியதில்லை.

மற்ற உறுப்புகளில்

பெருங்குடலில் கொலோனோஸ்கோப்பி மூலம் கண்ட கட்டியின் அருகே கரித்துகள் கலந்த கறுப்பு மையை ஊசியால் செலுத்துவார்கள். லேப்ராஸ்கோப்பி அறுவையில் குடலைக் கையால் தடவிப் பார்க்க முடியாது என்பதால் வெளிப்புறம் தெரியும் அந்தக் கறைதான் வழிகாட்டும். புராஸ்டேட் சுரப்பி, நுரையீரல் போன்றவற்றுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும்போது, சில மி.மீ. நீளமுள்ள தங்க மணிகளை உள்ளே வைப்பதுண்டு. மூச்சாலும் அசைவாலும் உறுப்பு இடம் மாறினாலும் கதிர் சரியான இடத்தில் விழ அவை உதவும்.

நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள்

*ஆண்களுக்குத் தங்கம் கூடாதே?* அலங்காரத்துக்கு அணிவதுதான் தடை. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு வெள்ளி மூக்கு ஒத்துக்கொள்ளாதபோது தங்கத்தில் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூத், திர்மிதியில் உள்ளது. மருத்துவத் தேவைக்கு இது தெளிவான ஆதாரம்.

*ஒளூ, குளிப்பு கூடுமா?* பொருள் தோலுக்கு உள்ளே இருப்பதால் தண்ணீர் படுவதற்கு எந்தத் தடையும் இல்லை. காயத்தின் மேல் கட்டு இருக்கும் நாட்களில் கட்டின் மீது மஸஹ் செய்துகொள்ளலாம்.

*ஜனாஸாவின்போது எடுக்க வேண்டுமா?* உள்ளே தங்கிவிட்ட சிறு கிளிப்புக்காக மய்யித்தின் உடலை அறுக்க வேண்டியதில்லை.

*கிளிப்பில் விலங்குப் பொருள் இருக்குமா?* சில வகைகளைச் சுற்றி கொலாஜன் போன்ற பொருள் இருக்கும். கேட்டால் வேறு வகையை வைக்க வாய்ப்புண்டு. இதற்காக பயாப்ஸியையே மறுத்துவிட வேண்டாம்.

*பெண் மருத்துவர் கிடைப்பாரா?* நாள் குறிக்கும்போதே கேளுங்கள். பல இடங்களில் ஏற்பாடு செய்துதருவார்கள். கிடைக்காத நிலையில், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெற மார்க்கம் அனுமதிக்கிறது.

மறக்காமல் செய்ய வேண்டியவை

பயாப்ஸிக்குப் பிறகு, "கிளிப் வைத்தீர்களா? எந்த வகை?" என்று கேட்டு எழுதி வாங்கி, ஸ்கேன் படங்களோடு பத்திரப்படுத்துங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அதைக் காட்டுங்கள். அறுவை முடிந்ததும், எடுத்த சதையை எக்ஸ்ரே எடுத்து, கிளிப்பும் விதையும் அதில் வந்துவிட்டனவா என்று பார்த்தார்களா என்பதைக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. வீட்டில் யாருக்காவது முதலில் கீமோ என்று முடிவானால், முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே, "கட்டி இருக்கும் இடத்தில் அடையாளம் வைத்துவிட்டீர்களா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். கட்டி கரைந்த பிறகு கேட்டால் அடையாளம் வைக்க இடம் தெரியாமல் போய்விடலாம்.