பேக்கரிக்காரர் வீட்டு அப்பிள் மரங்கள்

சியாட்டில் நகரத்தின் வடமேற்கு மூலையில் கார்கீக் பூங்கா இருக்கிறது. போன வருடம் வேலை விடயமாக அந்த நகரத்தில் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். காட்டுப் பாதையில் ஓடையோரமாக நடந்தால், சரிவில் ஒரு பழைய அப்பிள் தோட்டம் வருகிறது. அந்த மரங்களின் கதை உங்களுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அன்ட்ரூ பைப்பர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்தவர். சியாட்டிலில் பேக்கரி நடத்தினார். 1889 ஜூன் 6ஆம் திகதி ஒரு தச்சுப்பட்டறையில் சூடாக்கிய பசை தீப்பற்றியது. கட்டடங்களெல்லாம் மரம், தண்ணீரும் போதவில்லை. அன்று நகரத்தின் வணிகப் பகுதி முழுவதும் எரிந்தது. பைப்பரின் பேக்கரியும் போய்விட்டது. அதன் பிறகு அவரும் மனைவி மின்னாவும் பிள்ளைகளோடு இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறி, அப்பிள் கன்றுகளை நட்டார்கள். பக்கத்து ஓடைக்கு இன்றும் அவர்கள் பெயர்தான்.

ஆனால் கதை அவர்களோடு தொடங்கவில்லை. இது டுவாமிஷ் போன்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1855இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் அவர்களின் நிலம் அரசாங்கத்துக்குப் போனது. பத்து வருடம் கழித்து, பூர்வகுடிகள் ஊருக்குள் குடியிருக்கக் கூடாது என்று சியாட்டில் சட்டம் போட்டது. அந்த நகரத்தின் பெயரே அவர்களுடைய தலைவர் ஒருவரின் பெயர்! எல்லாம் இழந்து வந்தவர்களுக்குக் கிடைத்த இடம், வேறு யாரோ இழந்த இடமாகவும் இருக்கலாம். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்கிற நமக்கும் இது பொருந்தும்.

1920களின் கடைசியில் அந்த இடம் பூங்காவானது. தோட்டத்தை யாரும் கவனிக்கவில்லை. முட்பற்றை மூடி, மரங்கள் இருப்பதே மறந்துபோனது. 1981இல் பூங்காவுக்குத் திட்டம் வரைய வந்த ஒரு நிலவடிவமைப்பாளர் பற்றைக்குள் அவற்றைக் கண்டுபிடித்தார். 1983இலிருந்து தொண்டர்கள் பற்றை வெட்டி, கிளை கத்தரித்து மரங்களை மீட்டார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? புது விதை போட்டால் போதாதா? போதாது. அப்பிள் விதையை நட்டால் தாய்மரத்தின் பழம் வராது. வேறு ஏதோ ஒரு பழம்தான் வரும். அதே பழம் வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும் மரத்திலிருந்து ஒரு குச்சியை வெட்டி இன்னொரு கன்றில் ஒட்ட வேண்டும். அம்மம்மா சொல்லும் ஒட்டுமாங்கன்று மாதிரித்தான். அங்கே நிற்கும் கிறேவன்ஸ்ரைன், கிங் போன்ற பழைய வகைகள் இன்றுவரை இருப்பது, ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அப்படி ஒட்டியதால்தான். ஒட்டுவதற்கு உயிரோடு ஒரு மரம்கூட மிஞ்சாவிட்டால் அந்த வகை அத்தோடு முடிந்தது.

எனக்குப் பிடித்தது ஒன்று: கத்தியும் மண்வெட்டியுமாக வந்த அந்தத் தொண்டர்களுக்கு அது பாட்டன் சொத்து இல்லை. அவர்கள் அந்த ஊரில் வாழ்ந்தவர்கள், அவ்வளவுதான். புலம்பெயர்ந்த ஒருவர் நட்டதைக் காப்பாற்ற அது போதுமாக இருந்தது.

உங்கள் ஊர்ப் பூங்காவிலும் ஒரு பழமரம் நிற்கலாம். அதை யார் நட்டார்கள், அதற்கு முன்பு அது யாருடைய நிலம், இப்போது யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், ஒரு சனிக்கிழமை நீங்களே போகலாம்.